அம்பாசிடரும் போர்ஷேவும் ஒரே ஷீட்டில்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் எக்ஸெல் அநேகமாகத் தூங்கிக் கொண்டுதான் இருக்கும். பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், பிள்ளைகள் கேம்ஸ் ஆடுவார்கள். கொஞ்சம் ஆர்வம் உள்ளவர்கள் வேர்டில் ஒரு கடிதம் அடித்துப் பார்ப்பார்கள். எக்ஸெலைத் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். "இது ஆபீஸ்காரர்களுக்கு" என்று மூடி விடுவார்கள்.

அந்தக் கட்டங்களைத் திறக்க வைக்க இந்த மாதம் ஒரு வேடிக்கையான வேலை. ஒரு பழைய குடும்பக் காரையும் ஒரு புதிய ஸ்போர்ட்ஸ் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடப் போகிறோம். பழையது, நம் எல்லோருக்கும் தெரிந்த அம்பாசிடர். மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் 1950களின் கடைசியிலிருந்து 2014 மே மாதம் வரை தயாரான கார் அது. புதியது, 2019ல் வந்த போர்ஷே 911 கரேரா. ஜெர்மனிக்காரர்களின் தயாரிப்பு.

ஏன் இந்த ஜோடி? இரண்டுமே அறுபது வருடம் தாண்டிய பெயர்கள். அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசைதான். 911 முதன் முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1963ல், பிராங்பர்ட் கண்காட்சியில். ஒன்று உருவத்தை வைத்துக் கொண்டு உள்ளே எல்லாவற்றையும் மாற்றிக் கொண்டே வந்தது. மற்றது உருவத்தையும் வைத்துக் கொண்டது, உள்ளே இருந்ததில் முக்கால்வாசியையும் வைத்துக் கொண்டது.

இன்னொரு காரணம் வீட்டு விஷயம். தென்காசியில் என் அத்தானிடம் 2001ம் வருட அம்பாசிடர் ஒன்று இருக்கிறது. இசுசு இன்ஜின் வைத்த 1817 சிசி பெட்ரோல் வண்டி. பதினைந்து வருடம் முடிந்ததும் ஒரு தடவை, அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? அந்தக் கணக்கில் 2026ல் மறுபடி முறை வந்தது. இருபது வருடம் தாண்டிய கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாய் ஆக்கியது. 2022 ஏப்ரலுக்கு முன்னால் இதே வேலைக்கு 600 ரூபாய்தான். வண்டியை வைத்துக் கொள்வதா, கொடுத்து விடுவதா என்று வீட்டில் ஒரே பேச்சு. அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு அப்போதுதான் லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "மாமா, நான் டேபிள் போட்டுட்டேன். அம்பாசிடர் ஒண்ணுல கூட ஜெயிக்கல" என்று கொண்டு வந்து காட்டினான். எதிர் வரிசையில் அவன் வைத்திருந்தது போர்ஷேயை! வாங்கப் போவதில்லை, ஆசைக்குத்தான்.

அவன் டேபிளில் ஆறு வரிசைகள். இன்ஜின் கொள்ளளவு: 1817க்கு 2981. சிலிண்டர்: நாலுக்கு ஆறு. கியர்: ஐந்துக்கு எட்டு. பிறகு திறன், டார்க், டாப் ஸ்பீடு. ஆறுக்கு ஆறும் போர்ஷே. கூட்டலில் பிழை இல்லை. ஆனால் இந்த ஆறு வரிசையும் ஒரே கேள்வியைத்தான் ஆறு விதமாகக் கேட்கின்றன: இன்ஜின் எவ்வளவு பெரிசு, எவ்வளவு வேகம்? ஒரே கெட்டிக்காரத்தனத்துக்கு ஆறு மார்க் போட்டால் யார்தான் தோற்பார்கள்? லேப்டாப் வாங்கப் போகும்போது கடையில் நீட்டுகிற ஒப்பீட்டுக் காகிதத்தையும் இந்தக் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். பிராஸஸரைப் பற்றியே நாலு வரி இருக்கும். பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று ஒரு வரி கூட இருக்காது.

சரி, நாமே புதிதாக ஒரு ஷீட் போடுவோம். எக்ஸெல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் லிப்ரே ஆபீஸ் இலவசமாகக் கிடைக்கிறது, அதில் கால்க் என்று இருப்பதைத் திறங்கள். இன்டர்நெட் இணைப்பு இருக்கிறவர்கள் ஸோகோ ஷீட்டிலும் செய்யலாம். அந்த நிறுவனத்தின் ஓர் அலுவலகம் தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையிலேயே இருக்கிறது என்பதால் இந்தக் கட்டுரைக்கு ரொம்பப் பொருத்தம்! அடிப்படைப் பாடம் மூன்றிலும் ஒன்றுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை. செல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். இங்கே ஏ, பி, சி, டி என்று தமிழில் அச்சிட்டிருக்கிறோம். சி3 என்றால் மேலே மூன்றாவதாக உள்ள ஆங்கில எழுத்தின் கீழே, மூன்றாவது வரிசையில் உள்ள கட்டம். பார்முலாவில் வரும் பெயர்களையும் கம்ப்யூட்டரில் ஆங்கிலத்திலேயே டைப் செய்யுங்கள்.

முதலில் தலைப்புகள். ஏ1ல் விவரம், பி1ல் அலகு, சி1ல் அம்பாசிடர், டி1ல் போர்ஷே, இ1ல் ஆதாரம். இந்த "ஆதாரம்" நெடுவரிசையைச் சோம்பல்பட்டு விட்டு விடாதீர்கள். ஏன் என்று பின்னால் வரும்.

இரண்டாவது வரிசையில் எடை. பி2ல் கிலோ என்று அடியுங்கள். சி2ல் 1150, டி2ல் 1505. அம்பாசிடரின் எடை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், நாம் சுமாராக எடுத்துக் கொள்வோம். இங்கே புதியவர்கள் பலர் சி2லேயே "1150 கிலோ" என்று சேர்த்து அடித்து விடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் எழுத்து சேர்ந்தவுடன் எக்ஸெல் அதை எண் என்று எடுத்துக் கொள்ளாது, வெறும் எழுத்து என்று வைத்து விடும். பின்னால் அதை வைத்துக் கணக்குப் போட்டால் #வேல்யூ! என்று கோபித்துக் கொள்ளும். எண் தனிக் கட்டத்தில், அலகு தனிக் கட்டத்தில். இந்தப் பழக்கம் வந்து விட்டால் பாதி எக்ஸெல் வந்த மாதிரி. நம்பர் கட்டத்தின் வலது ஓரத்திலும் எழுத்து இடது ஓரத்திலும் போய் உட்காரும். அதை வைத்தே எக்ஸெல் எதை எப்படிப் புரிந்து கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம்.

மூன்றாவது வரிசை திறன், அலகு கிலோவாட். சி3ல் 55, டி3ல் 283. அம்பாசிடரின் திறனைக் குதிரைத்திறனில் சுமார் 75 என்று சொல்வார்கள். போர்ஷே 385 குதிரைத்திறன். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டு வந்து விட்டுத்தான் பக்கத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த நான்கு வரிசைகளுக்கும் அலகு மீட்டர். நீளம்: 4.325, 4.519. அகலம்: 1.662, 1.852. உயரம்: 1.593, 1.298. வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்: 2.464, 2.450. கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பாருங்கள். கல்யாண ஊர்வலக் காருக்கும் ரேஸ் கார் மாதிரி இருக்கிற காருக்கும் சக்கர இடைவெளியில் 14 மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! அக்கா மகன் இதை நம்பாமல் இரண்டு தடவை சரி பார்த்தான்.

எட்டாவது வரிசை, பெரியவர்கள் சௌகரியமாக உட்காரும் இருக்கை. டிரைவரையும் சேர்த்து சி8ல் 5, டி8ல் 2. போர்ஷேயில் பின்னால் இரண்டு குட்டி இருக்கைகள் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குச் சரி, பெரியவர்கள் மடங்கித்தான் உட்கார வேண்டும்.

ஒன்பதாவது வரிசை மைலேஜ், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர். இதில்தான் நல்ல பாடம் இருக்கிறது. அத்தான் பெட்ரோல் போடும் போதெல்லாம் நோட்டில் எழுதி வைப்பவர். அவர் கணக்குப்படி லிட்டருக்கு 10. சி9ல் 10 என்று போடுவோம். போர்ஷேக்காரர்களோ 9.0 என்று கொடுத்திருக்கிறார்கள். பத்தை விட ஒன்பது குறைவு, ஆகவே அம்பாசிடர் ஜெயித்தது என்று எழுதி விடக் கூடாது. ஐரோப்பாவில் மைலேஜைத் தலைகீழாகச் சொல்வார்கள்: 100 கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர்? அந்த 9.0 என்பது லிட்டர். நம் வழக்கத்துக்கு மாற்ற டி9ல் =100/9 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 11.11 என்று வரும். ஸ்போர்ட்ஸ் கார்தான் ஒரு லிட்டருக்கு அதிக தூரம் போகிறது.

அப்படியானால் போர்ஷே சிக்கனமான கார் என்று சொல்லி விடலாமா? இப்போது இ9ஐப் பாருங்கள். ஆதாரம். அம்பாசிடருக்கு அங்கே "அத்தான் நோட்டு, தென்காசி ரோடு" என்று எழுதுங்கள். போர்ஷேக்கு "கம்பெனி சோதனைக்கூடம்" என்று எழுதுங்கள். ஒன்று சீசன் நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து எடுத்த எண். மற்றது சோதனைக்கூடத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த எண். இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கலாம், ஆனால் நூலிழை வித்தியாசத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. லேப்டாப் பெட்டியில் எழுதியிருக்கும் பேட்டரி மணி நேரமும் இதே ஜாதிதான்.

பத்தாவது வரிசையில் இன்றைய புதுக் கார் விலை. டி10ல் நீங்கள் விசாரித்த விலையைப் போடுங்கள், எப்படியும் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் வரும். கரன்சி ஃபார்மட் கொடுத்தால் எண்ணுக்குப் பதில் ##### என்று வரலாம். பயப்பட வேண்டாம். கட்டம் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். மேலே டிக்கும் இக்கும் நடுவில் உள்ள கோட்டில் மவுஸை வைத்து இரட்டைக் கிளிக் செய்தால் அகன்று கொள்ளும். சி10ஐக் காலியாக விட்டு விடுங்கள். அம்பாசிடர் புதிதாகக் கிடைப்பதில்லை அல்லவா! அங்கே 0 போட்டால் இலவசம் என்று ஆகி விடும். காலி வேறு, பூஜ்யம் வேறு. பதினொன்றாவது வரிசையில் ஸ்டெப்னி டயர் போடுங்கள். சி11ல் 1, டி11ல் 0. இது நிஜமான பூஜ்யம். போர்ஷேயில் ஸ்டெப்னிக்குப் பதிலாகப் பஞ்சரை அடைக்கும் திரவமும் காற்றடிக்கும் சின்ன மெஷினும்தான் வைத்திருக்கிறார்கள். செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் டயர் கிழிந்தால் இந்த வரிசையின் மதிப்பு புரியும்.

இனி பார்முலா. இதுவரை போட்டது காகிதத்திலும் போடலாம், கம்ப்யூட்டர் எதற்கு?

ஏ12ல் "டன்னுக்குத் திறன்" என்று எழுதி, சி12ல் =சி3/சி2*1000 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 47.8 வரும். அந்தக் கட்டத்தின் வலது கீழ் மூலையில் ஒரு குட்டிச் சதுரம் தெரியும். அதை மவுஸால் பிடித்து ஒரு கட்டம் வலது பக்கம் இழுங்கள். டி12ல் 188.0 என்று தானாக வந்து விடும். நீங்கள் சி என்று எழுதியதை எக்ஸெல் டி என்று மாற்றிக் கொண்டது. வெறும் திறனைப் பார்த்தால் போர்ஷே ஐந்து மடங்குக்கும் மேலே. எடையையும் சேர்த்துப் பார்த்தால் நாலு மடங்குக்குச் சற்றுக் கீழே வந்து விட்டது. இப்போதும் பெரிய வித்தியாசம்தான், ஆனால் முதலில் தெரிந்த அளவுக்கு இல்லை.

ஏ13ல் "ஓர் ஆளுக்கு அடைக்கும் இடம்". சி13ல் =சி4*சி5/சி8. நீளத்தை அகலத்தால் பெருக்கி இருக்கையால் வகுக்கிறோம். அம்பாசிடருக்கு 1.44 சதுர மீட்டர். மூலையைப் பிடித்து இழுத்தால் போர்ஷேக்கு 4.18. ஸ்போர்ட்ஸ் கார் குட்டியாக இருக்கும் என்று நாம் நினைக்கிறோம். தாழ்வாக இருப்பதால் அப்படித் தெரிகிறது. உண்மையில் அது அம்பாசிடரை விட 19 சென்டிமீட்டர் நீளம், 19 சென்டிமீட்டர் அகலம். ஜூலை மாதம் ஞாயிற்றுக்கிழமை மெயினருவிப் பக்கம் வண்டி நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இந்த வரிசையின் அருமை தெரியும்.

இனி முக்கியமான பகுதிக்கு வருவோம். கார் நிற்பதற்கு அல்ல, போவதற்கு. எங்கே போக? அதைச் சொல்லாமல் எது சிறந்தது என்று கேட்பதில் பொருள் இல்லை. அத்தான் வீட்டில் ஐந்து பேர். அத்தான், அக்கா, ஆச்சி, கல்லூரி போகும் மகன், பள்ளிக்கூடம் போகும் மகள். தென்காசியிலிருந்து குற்றாலம் போய் அருவியில் குளிக்க வேண்டும். தூரம் சுமார் 6 கிலோமீட்டர்.

எச்1ல் பெட்ரோல் விலை என்று வட்டமாக 100 போடுங்கள். எச்2ல் தூரம் 6. உங்கள் ஊர் விலையையும் தூரத்தையும் பிறகு மாற்றிக் கொள்ளலாம். பதினான்காவது வரிசையில் சராசரி வேகம், இரண்டுக்கும் 40. அந்த ரோட்டில் துண்டைத் தோளில் போட்டுக் கொண்டு நடக்கிறவர்கள், பலாப்பழக் கடைகள், குரங்குகள், நடுரோட்டில் நிறுத்தி ஆள் இறக்கும் வேன்கள், எல்லாம் உண்டு. 40க்கு மேல் சராசரி எடுக்க யாராலும் முடியாது. பதினைந்தாவது வரிசையில் எத்தனை ஓட்டம். அம்பாசிடருக்கு 1. போர்ஷேக்கு? முதல் ஓட்டத்தில் ஆச்சியை முன்னால் உட்கார வைத்து, பிள்ளைகள் இருவரையும் பின்னால் மடக்கி வைத்து அத்தான் கொண்டு போய் விட வேண்டும். பிறகு காலி வண்டியோடு திரும்பி வர வேண்டும். அப்புறம் அக்காவை ஏற்றிக் கொண்டு மறுபடி போக வேண்டும். மொத்தம் 3.

சி16ல் நேரம். இப்படி டைப் செய்யுங்கள்: =$எச்$2*சி15/சி14*60. 9 நிமிடம் என்று வரும். மூலையைப் பிடித்து இழுத்தால் டி16ல் 27 நிமிடம்.

அந்த டாலர் குறி எதற்கு? போன தடவை இழுத்தபோது சி என்பது டி ஆனது நினைவிருக்கிறதா? டாலர் போடாவிட்டால் எச்2 என்பதும் ஐ2 என்று நகர்ந்து விடும். ஐ2 காலி. காலியை எக்ஸெல் இங்கே பூஜ்யமாக எடுத்துக் கொள்ளும். போர்ஷே 0 நிமிடத்தில் குற்றாலம் போய்ச் சேர்ந்து விடும்! இந்த மாதிரிப் பிழையில் எக்ஸெல் எச்சரிக்கை எதுவும் கொடுக்காது. கட்டத்தில் அழகாக 0 என்று உட்கார்ந்திருக்கும். "இந்த எண் நகரக் கூடாது" என்று ஆணி அடிப்பதுதான் டாலர் குறி. பார்முலா அடிக்கும்போது எச்2க்குப் பக்கத்தில் கர்சரை வைத்து எஃப்4 கீயைத் தட்டினால் தானாகவே விழும். சில லேப்டாப்களில் கூடவே எஃப்என் கீயையும் அழுத்த வேண்டியிருக்கும்.

பெட்ரோல் செலவை நீங்களே போடுங்கள்: சி17ல் =$எச்$2*சி15/சி9*$எச்$1. அம்பாசிடருக்கு 60 ரூபாய், போர்ஷேக்கு 162. சோதனைக்கூடத்தில் சிக்கனமாகத் தெரிந்த கார், ஆச்சியைக் குளிக்க அழைத்துப் போகும் வேலையில் இரண்டரை மடங்குக்கு மேல் குடிக்கிறது.

அக்கா மகன் விடவில்லை. "மாமா, போர்ஷேயை ஏன் நாப்பதுல ஓட்டணும்? இருநூத்துத் தொண்ணூத்து மூணு வரைக்கும் போகும்லா?" என்றான். நியாயமான கேள்வி. எவ்வளவு வேகத்தில் போனால் அம்பாசிடரோடு சமமாக வரும்? ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்க வேண்டாம். இதற்கென்றே கோல் சீக் என்று ஒரு வசதி இருக்கிறது. கம்ப்யூட்டரில் நிறுவிய எக்ஸெலில் டேட்டா மெனுவில் வாட் இஃப் அனாலிசிஸ் என்பதன் கீழே இருக்கும். கால்க்கில் டூல்ஸ் மெனுவில் இருக்கும். திறந்தால் மூன்று பெட்டிகள் வரும். விடை வர வேண்டிய கட்டம் டி16. வர வேண்டிய விடை 9. மாற்ற வேண்டிய கட்டம் டி14. ஓகே கொடுங்கள். கம்ப்யூட்டர் கொஞ்சம் முயன்று பார்த்து விட்டு 120 என்றோ, 119.9 என்று அதை ஒட்டியோ கொண்டு வந்து நிறுத்தும்.

சராசரி 120! நடுவில் நிறுத்தி ஆள் இறக்கும் நேரத்தையும் வண்டியைத் திருப்பும் நேரத்தையும் நாம் சேர்க்கவே இல்லை. இன்னொரு வேடிக்கை பாருங்கள். எச்2ல் 6க்குப் பதில் 55 போட்டு, திருநெல்வேலி போவதாக வைத்துக் கொண்டு, அம்பாசிடருக்கு வரும் புது நேரத்துக்கு மறுபடி கோல் சீக் செய்யுங்கள். அப்போதும் 120தான். மூன்று ஓட்டம் என்றால் மூன்று மடங்கு வேகம், தூரம் எதுவானாலும் சரி. ரோட்டை நீளமாக்கிப் போர்ஷேயைக் காப்பாற்ற முடியாது, ஆளைக் குறைத்தால்தான் முடியும்.

ஆளைக் குறைத்துப் பார்ப்போமா? டி15ல் 1 என்று மாற்றுங்கள். ஒரே ஓர் ஆள், காலையில் யாரும் இல்லாத ரோடு. உடனே எல்லா எண்ணும் புரண்டு விடும். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1990ல் திறந்த ரேஸ் டிராக் இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். எச்2ல் அந்தத் தூரத்தைப் போட்டு, போர்ஷேக்கு உரிய வேகத்தையும் போட்டால் அம்பாசிடர் கண்ணுக்கே தெரியாது. அதே இரண்டு கார், அதே ஷீட். வேலை மட்டும் மாறியது.

சார்ட் போட ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷீட் முழுவதையும் செலக்ட் செய்து பார் சார்ட் கொடுத்து விடாதீர்கள். 1505 என்ற எடைக்கு மாடி மாதிரி ஒரு கம்பம் எழும்பும், 2.450 என்ற வீல்பேஸ் தரையோடு ஒட்டிக் கொண்டு தெரியவே தெரியாது. 16வது, 17வது வரிசைகளைத் தனித் தனியாகச் செலக்ட் செய்து தனித் தனிச் சார்ட் போடுங்கள். நிமிடமும் ரூபாயும் ஒரே சார்ட்டில் வேண்டாம்.

இந்த இடத்தில் அக்கா மகனுக்கு ஒரே குஷி. கட்சி மாறி விட்டான். புது வரிசைகளில் யார் ஜெயித்தார்கள் என்று எழுதி, கவுண்ட்இஃப் போட்டு எண்ணி, "அம்பாசிடர்தான் சூப்பர், வித்துராதீங்கப்பா" என்றான். அதற்கும் அணை போட வேண்டியதாயிற்று. இன்னொரு வரிசை பாக்கி இருக்கிறது: ஏர்பேக். அத்தான் வண்டியில் 0. ஏபிஎஸ் பிரேக்கும் கிடையாது. போர்ஷேயில் இரண்டும் உண்டு. இந்த வரிசைக்கு ஒரு மார்க், இடம் அடைக்கும் வரிசைக்கு ஒரு மார்க் என்று கூட்டினால் பார்க்கிங்கும் உயிரும் ஒரே விலை என்று ஆகி விடும். சில வரிசைகளை மார்க்கில் சேர்க்கக் கூடாது, வாசலில் நிறுத்த வேண்டும். அதற்கு இஃப் பார்முலா உதவும். எந்தப் பயணம் என்று எச்3ல் "ஊருக்குள்" அல்லது "ஹைவே" என்று அடிக்க வேண்டியது. சி18ல் =இஃப்($எச்$3="ஹைவே","வேண்டாம்","போகலாம்"). அவ்வளவுதான். மற்ற வரிசைகளில் எத்தனை ஜெயித்தாலும் இந்தக் கட்டம் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். இது என் அபிப்பிராயம். ஆனால் நாலு வழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இருபத்தைந்து வயது பிரேக்கை நம்பிக் குடும்பத்தை ஏற்றிப் போவதில் எனக்குச் சம்மதம் இல்லை.

கடைசியாக அத்தானின் கேள்விக்கு வருவோம். வைத்துக் கொள்வதா, கொடுப்பதா? புதிய ஷீட் ஒன்றைத் திறங்கள், கீழே உள்ள கூட்டல் குறியைக் கிளிக் செய்தால் வரும். இந்த ஷீட்டில் போர்ஷே கிடையாது. அம்பாசிடருக்கு எதிராக வாடகைக் கார்தான் நிற்கிறது. உண்மையில் வீட்டில் செய்யக் கூடிய ஒப்பீடு அதுதான். பி1ல் வருடத்துக்குப் பதிவுக் கட்டணம், =10000/5. பி2ல் இன்சூரன்ஸ் 9000. பி3ல் ரிப்பேர் 13000. எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு பழைய ரப்பர் குழாய்களை மாற்றிய செலவையும் அத்தான் இதில் சேர்த்திருக்கிறார். பி4ல் =சம்(பி1:பி3). 24,000 வரும். பி5ல் ஒரு தடவை வாடகைக் காரில் குற்றாலம் போய் வர ஆகும் தொகை, மாதிரிக்கு 900. பி6ல் சொந்த வண்டியில் போய் வரப் பெட்ரோல், 120. பி7ல் =ரவுண்ட்அப்(பி4/(பி5-பி6),0). விடை 31.

வருடத்தில் 31 தடவைக்கு மேல் வண்டியை எடுத்தால் வைத்துக் கொள்வது லாபம். குறைவாக எடுத்தால் வாடகைக் கார் லாபம். அத்தான் நோட்டைப் புரட்டி எண்ணிப் பார்த்தார். அதற்கு முந்தைய வருடம் 44 தடவை எடுத்திருந்தார். சீசன் மூன்று மாதம், காசி விசுவநாதர் கோயில், ஆச்சிக்கு ஆஸ்பத்திரி, கல்யாண வீடுகள். அதில் திருநெல்வேலி, மதுரை என்று ஹைவே ஏறியது 9. அவற்றைக் கழித்தால் 35. முப்பத்தொன்றைத் தாண்டுகிறது, ஆனால் நாலு தடவைதான் மிச்சம். ரிப்பேர் செலவு மூன்று, நாலாயிரம் கூடினாலே கணக்குத் திரும்பி விடும். பி3ல் 17000 போட்டுப் பாருங்கள், விடை 36 என்று மாறும். "அப்போ இந்த வருசம் புதுப்பிச்சிருவோம். ரிப்பேர் பதினாறைத் தாண்டிச்சுன்னா மறுபடி இந்தக் கட்டத்தைப் பாத்துக்கிடலாம்" என்றார் அத்தான். ஹைவே பயணத்துக்கு வாடகைக் கார் என்றும் முடிவானது. பிறகு நானும் அவரும் அதே வண்டியில் பதிவுக்கான சோதனைக்கு எடுத்துப் போகுமுன் பிரேக்கைச் சரி பார்க்க மெக்கானிக்கிடம் போனோம்.

ஷீட்டைச் சேமிக்கும்போது சும்மா புக்1 என்று விட்டு விடாதீர்கள். "கார் கணக்கு 2026" என்பது போல வருடத்தோடு பெயர் கொடுங்கள். அடுத்த வருடம் அதையே திறந்து, சேவ் ஆஸ் கொடுத்துப் புதுப் பெயரில் வைத்துக் கொண்டு எண்களை மட்டும் மாற்றினால் போதும். பார்முலாக்கள் அப்படியே வேலை செய்யும். இதே ஷீட்டில் காருக்குப் பதில் இரண்டு பிரின்டர்களை வைத்து, ஒரு பக்கம் அச்சிட எத்தனை பைசா ஆகிறது என்று நீங்களே போட்டுப் பாருங்கள். இங்க் விலையை எந்தக் கட்டத்தில் வைத்து டாலர் போட வேண்டும் என்று யோசித்து வையுங்கள். அடுத்த இதழில் அந்த ஷீட்டைச் சேர்ந்து செய்வோம்.